யூரியாவோடு ஒட்டி விற்றால் புதுச் சரக்கு நிலைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வலங்கைமான் பக்கத்தில் உரக்கடை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை. வேளாண்மைப் பட்டமோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் சொந்தமாக எதையாவது தயாரித்து விற்க வருகிறார்கள். உயிர் உரம், பயிர் நோயைத் தடுக்கிற சூடோமோனாஸ் நுண்ணுயிர், மண்புழு உரம், முட்டை ஒட்டுண்ணி அட்டை, மீன் அமிலம் என்று பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். எல்லாரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சரக்கு நல்ல சரக்கு. ஆனா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்களே, என்ன பண்றது?" அவர்களிடம் நான் சொல்வதையும், அவர்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிற ஒரு பழக்கத்தைப் பற்றியும் உங்கள் நாளிதழ் வழியாக நாலு பேருக்குத் தெரியப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழக்கம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பயிர் வளர்கிறபோது மேலுரம் போடுகிற சமயத்தில் காவிரி டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் யூரியா தேவைப்படும். அந்த நேரம் பார்த்து, இத்தனை மூட்டை வேண்டுமென்றால் இத்தனை பாட்டில் பயிர் ஊக்கியும் எடுத்தாக வேண்டும் என்று மேலிருந்து சேர்த்து அனுப்புகிறார்கள். இணைப் பொருள் என்று இதற்குப் பெயர். கூடாது என்று அரசு பலமுறை சொல்லிவிட்டது. இருந்தும் லாரியில் வந்து இறங்குகிறது. போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்று கடைக்காரர் அதை விவசாயி தலையில் கட்டுகிறார். விவசாயி மூட்டையைப் பிரித்து வயலில் தூவுகிறார்; பாட்டிலை மாட்டுக் கொட்டகை இறவாணத்தில் செருகி வைக்கிறார். அடுத்த போகத்தில் போய்ப் பார்த்தாலும் சீல் உடையாமல் அங்கேயே இருக்கும்.

அந்தப் பாட்டிலில் இருப்பது நல்ல சரக்காகவே இருக்கலாம். எனக்கு வருத்தமே அதில்தான். இந்த மாதிரி உயிரி ஊக்கிகளை 2021-ல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. முறையாகச் சோதித்துத் தயாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கட்டாயத்துக்கு வாங்கிய பொருளை யாரும் அக்கறையாகப் போட்டுப் பார்ப்பதில்லை. நன்றாக இருந்ததா, இல்லையா என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. அப்புறம் நேர்மையான ஒரு பிள்ளை, தானே தயாரித்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டும்போது, "இதுவும் யூரியாவோட தர்ற சாமான்தானே?" என்ற பேச்சு முதலில் வந்து நிற்கிறது. யாரோ செய்ததற்கு இவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை வெளியே யாரும் பேசுவதில்லை. எங்கள் தொழில் கடனில் ஓடுகிற தொழில். அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் பாதிப் பேர் எங்களுக்குத் தருவார்கள். கடைக்குப் பாக்கி வைத்திருக்கிறவரால் கடைக்காரர் நீட்டுகிற பொருளை வேண்டாம் என்று சொல்ல முடியாது. "சரி, அதையும் சேர்த்து எழுதிக்குங்க" என்பார். அதைப் பார்த்துவிட்டு விற்பனைப் பிரதிநிதி, சரக்கு நன்றாகப் போகிறது என்று கம்பெனிக்கு அறிக்கை அனுப்புவார். அந்த விவசாயி வாங்கியது பொருளை நம்பி இல்லை, அடுத்த மூட்டைக்குக் கடன் மறுத்துவிடுவானோ என்ற பயத்தில். அதனால்தான் என் கடையில் புதுச் சரக்கை மட்டும் கடனுக்குக் கொடுப்பதில்லை. இருப்பதிலேயே சின்ன பாக்கெட், அதற்கு ரொக்கம். சும்மாவும் கொடுப்பதில்லை. இலவசமாகக் கொடுத்ததும் அந்த இறவாணத்துக்குத்தான் போகிறது. தன் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் காசை எடுத்துக் கொடுத்தவர்தான் வயலுக்குப் போய் அது என்ன செய்கிறது என்று குனிந்து பார்க்கிறார்.

கண்ணால் பார்க்க முடிகிற பொருள் என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி. முட்டை ஒட்டுண்ணி அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரைக்கோகிரம்மா என்று ஒரு குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வேறொரு அந்துப்பூச்சியின் முட்டைகளுக்குள் அதை வளர்த்து, அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். பார்ப்பதற்கு உப்புத்தாளில் ஒட்டிய கறுப்பு மணல் மாதிரி இருக்கும். ஒரு சிசி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் அளவு முட்டை ஒட்டிய அட்டையில், ஏறக்குறைய 20,000 முட்டை. ஏக்கருக்கு இரண்டு சிசி. நெல்லில் குருத்துப்பூச்சிக்கு ஒரு வகை, இலைச்சுருட்டுப் புழுவுக்கு இன்னொரு வகை. இவ்வளவையும் வாயால் சொன்னால் எதிரே நிற்கிறவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அட்டைத் துண்டுக்கா இவ்வளவு காசு?" என்று வைத்துவிடுவார்.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து இந்த அட்டையைத் தயாரித்துக் கொண்டுவருகிற ஒரு பெண், விளக்கமே சொல்லவில்லை. அட்டையில் தபால்தலை அளவுக்குக் கத்தரித்து, காலியான ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் மல் துணியைக் கட்டி, கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்தார். "இது இன்னும் ரெண்டு மூணு நாள்ல வெளிய வந்துடும்ணே, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். வந்தது. பாட்டிலுக்குள் தூசி நடந்தது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைத் திருப்பி வைத்தால் எல்லாம் மறுபடி வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். மானிய யூரியா வாங்க மெஷினில் விரல் ரேகை வைக்க வந்த ஒரு பெரியவர் லென்ஸ் கேட்டு வாங்கி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்தத் தூசியா குருத்துப்பூச்சியைக் கொல்லப் போவுது?"

"பூச்சியைக் கொல்லாதுங்க பெரியப்பா. தாய்ப்பூச்சி இலை நுனியில முட்டை வைக்குதுல்ல, பழுப்பா மயிர் போத்துன மாதிரி? அந்த முட்டைக்குள்ள இது போய் முட்டை வச்சிடும். அப்புறம் அதுலேருந்து புழு வராது. இதுதான் வரும்."

"அப்ப நம்ம வயல்ல ஏற்கெனவே குருத்து காஞ்சு நிக்குதே, அதுக்கு?"

"அதுக்கு இது ஆவாதுங்க. புழு தண்டுக்குள்ள போயிட்டா அட்டை கட்டிப் பிரயோசனம் இல்லை. வாங்காதீங்க."

அவர் வாங்கவில்லை. ஆனால் அடுத்த சம்பாவில், விளக்கு வெளிச்சத்துக்குத் தாய் அந்துப்பூச்சி வர ஆரம்பித்ததுமே பேரனை அனுப்பி அட்டை கேட்டார். புதுச் சரக்கு விற்க வருகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எதற்கு ஆகும் என்பதைவிட எதற்கு ஆகாது என்பதை முதலில் சொல்லுங்கள். விற்காமல் போகிற அந்த ஒரு பாக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் விவசாயி காலம் காலமாக எல்லாத்துக்கும் ஆகும் என்று விற்ற பொருட்களைப் பார்த்துச் சலித்தவர். ஒருத்தன் வாயிலிருந்து "இதுக்கு ஆவாது" என்று வந்தால்தான், அவன் "ஆகும்" என்று சொல்வதற்கு மதிப்பு வருகிறது.

கண்ணுக்கே தெரியாத பொருள் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். பயிருக்குத் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற நுண்ணுயிரான அசோஸ்பைரில்லம் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே பழுப்பு நிலக்கரித் தூள். "கரித்தூளையா காசு குடுத்து வாங்கச் சொல்றே?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அதை யார் எண்ணிப் பார்ப்பது? போட்ட மறுவாரம் பயிர் கருகருவென்று திரும்பாது. யூரியா அப்படித் திருப்பிக் காட்டும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றும் செய்யாத மாதிரிதான் தெரியும். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறி, "விளைச்சல் இரட்டிப்பு" என்று நோட்டீஸ் அடித்துவிடுகிறார்கள். ஒரே போகத்தில் பெயர் கெட்டுவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒரு மா. ஒரு மா என்றால் எங்கள் பக்கம் நூறு குழி, 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். மேலுரத்தை அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு மாவில் மட்டும் உயிர் உரம் கொடுத்து, தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கச் சொல்லுங்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாவில் அவர் வழக்கமாகச் செய்வதையே செய்யட்டும். அதே விதை, அதே தண்ணீர், அதே ஆள். அறுப்பு மெஷின் ஒரு மாவுக்காக நின்று தனியாக நெல் கொட்டாது. அதனால் அறுப்புக்கு முதல் நாள் இரண்டு பக்கமும் ஒரே அளவு அளந்து, அரிவாளால் அறுத்து, அடித்து, தூற்றி எடை போட வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு அதிகாரிகள் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு பிடித்து அறுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், அதே மாதிரிதான். இரண்டு பக்கமும் எடை ஒன்றாகவே வந்தாலும் கால் பங்கு யூரியா மிச்சம் என்று அவருக்குப் புரிந்துவிடும். குறைந்து வந்தால் அதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். எடை போடும்போது தயாரித்தவர் அங்கே இருக்க வேண்டும். ஆளை அனுப்பக் கூடாது.

பொருளை வாங்குகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் வேறொருவர் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைக்கு வந்து பாக்கெட் வாங்குகிறவர் நிலத்துக்காரர். நாற்று வேரைக் கரைசலில் நனைத்து வைக்க வேண்டியவர்கள் நாற்றுப் பறிக்கிறவர்களும் நடுகிற பெண்களும். கரைசலில் வேரை இருபது முப்பது நிமிஷம் வைக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுவதற்குள் நடவை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, தூக்கி வாய்க்கால் தண்ணீரில் அலசி நடவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாக்கெட் வரப்பிலேயே கிடக்கும். எனக்குத் தெரிந்து நன்றாக வியாபாரம் பிடித்த ஒரு பையன், நடவு அன்று காலையிலேயே வயலில் போய் நின்று, கரைசலைத் தானே கலக்கிவைத்து, "அக்கா, பறிச்ச முடியை இதுல வச்சிட்டு அடுத்த முடியைப் பறிங்க, நேரம் சரியா இருக்கும்" என்று வேலை போகிற போக்கிலேயே ஒரு வழி செய்து கொடுத்தான். அந்தப் பெண்கள் பத்து ஊர் வயலில் நடுகிறவர்கள். அடுத்த ஊரில், "ஏன் அந்தக் கருப்புத் தண்ணி கலக்கலையா?" என்று அவர்களே கேட்டார்களாம். அவன் போட்ட எந்த விளம்பரமும் அவ்வளவு தூரம் போயிருக்காது.

கடைக்காரர்களான எங்கள் பங்கும் இதில் இருக்கிறது. உயிருள்ள சரக்கைத் தகரக் கொட்டகையில், பூச்சிமருந்துப் பெட்டிக்கு மேல் அடுக்கி வைத்தால் உள்ளே இருப்பது செத்துப் போகும். அதற்குப் பிறகு அது வெறும் கரித்தூள்தான். தூள் பாக்கெட்டுக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் ஆயுள். தேதி தாண்டியதைத் தள்ளுபடி விலைக்குக் கொடுக்கவே கூடாது. தேதி தாண்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிற தயாரிப்பாளரிடம் நான் வாங்குவதில்லை. வாங்குகிறவர் பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியதும் தேதியைத்தான்.

கடைக்காரர் தன் வியாபாரத்துக்கு எதிராகக்கூடப் பேச வேண்டி வரும். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு தரம், மேலே நன்றாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அதோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் படாமல் நம் நிழலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலையாவது பார்க்க வேண்டும். பெரும்பாலான நடவு ரகங்களுக்கு 4-ம் எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால்தான் தழைச்சத்து போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3. அளவுக்கு மீறி யூரியா போட்ட வயலில்தான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்து வயல் கருப்பாக இருந்தால் நமக்குக் கை நிற்காது. யூரியா விற்கிற நான், "இந்த வாரம் போடாதீங்க, அட்டை வேண்டாம்னு சொல்லுது" என்று சொல்லி அனுப்பியவர்கள் எல்லாரும் இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். நான் புதிதாக ஒன்றைக் காட்டும்போது காது கொடுத்துக் கேட்கிறவர்களும் அவர்கள்தான்.

டெல்டா புதுசுக்கு எதிரி என்று வெளியூர் கம்பெனிக்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1960-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பேக்கேஜ் திட்டம் வந்தபோது ரசாயன உரமே இங்கே பல பேருக்குப் புதுசு. உரத்தைப் போட்டால் நிலம் மலடாகிவிடும் என்று பயந்தவர்களிடம், ரோட்டோரமாக ஒரு துண்டு நிலத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக் காட்டினார்கள் என்று அப்பா சொல்லுவார். 1965-ல் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 நெல் வந்தது. ஜப்பான் ரகமான நோரின் 10-ஐயும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து எடுத்த ரகம். யாருடைய வாய்ப்பேச்சையும் நம்பி அது குறுவையில் பரவவில்லை. பக்கத்து வயலில் கதிர் சாய்ந்து நின்றதைப் பார்த்துத்தான் பரவியது.

எதிர்த் திசையிலும் அப்படியே நடந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய ரகத்தில் இரண்டு கிலோ விதையைக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நேரத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் எங்கள் தலைமுறைக்கே அறிமுகமில்லாத சரக்கு. கொடுக்கிறவர் முதலில் நம்பினார், முன்பணம் கேட்கவில்லை. வாங்கினவருக்கு நட்டம் வந்தாலும் இரண்டு கிலோ விதையோடு முடிந்தது. திருப்பிக் கொடுக்க வருகிறவர் தன் வயலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்; புதிதாக வருகிறவர் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். 2018-ல் ஜெயராமன் காலமாகிவிட்டார். 170-க்கும் மேற்பட்ட ரகங்களை அவர் மீட்டார் என்று எல்லாரும் பேசுகிறார்கள். புதுச் சரக்கு விற்க வருகிற பிள்ளைகள் அந்த இரண்டு கிலோ, நான்கு கிலோ கணக்கை உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும்.

தோற்றுப்போகிற இடத்தில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன சம்பாவில் ஒருவர் காலையில் ஒட்டுண்ணி அட்டை கட்டினார். மறுநாள் பக்கத்து வயல்காரர் பவர் ஸ்பிரேயரில் மருந்து அடிக்க, காற்றில் இவர் வயலுக்கும் பரவியது. குளவி பிழைக்குமா? குருத்துப்பூச்சி தாக்கி, மணி பிடிக்காத வெண்கதிர் வந்தது. "உங்க பூச்சி ஏமாத்திடுச்சு" என்று கடையில் வந்து சத்தம் போட்டார். நான் அட்டை தயாரிக்கிற அந்த ஒரத்தநாட்டுப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். அவர் மத்தியானமே வந்துவிட்டார். வயலைச் சுற்றிப் பார்த்தார். காரணம் தெரிந்த பிறகும் பக்கத்து வயல்காரர் மேல் பழியைப் போட்டு நழுவவில்லை. பக்கத்தில் எப்போது மருந்து அடிப்பார்கள் என்று விசாரிக்காமல் அட்டை கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அட்டைக்கான பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். இப்போது அந்த வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறவர்கள் சேர்ந்து பேசி, ஒரே வாரத்தில் எல்லா வயலிலும் அட்டை கட்டுகிறார்கள். சத்தம் போட்டவர்தான் அதற்கு முன்னால் நிற்கிறார்.

கடைசியாக அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரம் வருவதற்குள் இணைப் பொருள் விஷயத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சில்லறைக் கடையில் வந்து இருப்புப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். சரக்கு எங்கே சேர்த்துக் கட்டப்படுகிறதோ, அந்த மொத்த விற்பனைக் கிடங்கிலிருந்து கணக்கைப் பார்க்க வேண்டும்: யூரியா போன அதே தேதியில், அதே கடைகளுக்கு வேறு என்ன போயிருக்கிறது என்று பார்த்தாலே போதும். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் மாதிரியான இடங்களில், சொந்தமாகத் தயாரித்து விற்க வருகிற உள்ளூர் இளைஞர்களுக்கு ஒரு போகத்துக்கு ஒரு மா ஒதுக்கிக் கொடுத்தால், விவசாயிகள் வந்து பார்க்கவும் வசதியாக இருக்கும். எடை போடுவதற்கு ஒரு பொது ஆளும் கிடைப்பார். விவசாயிகளும் யூரியாவோடு வேறு பாட்டிலைக் கட்டினால் வாங்க மறுத்து, பில்லில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். என் கடையிலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உரக்கடைக்காரர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.